வீட்டைப் புதுப்பிக்கும் முன்: முதலில் வேலைப் பட்டியல், பிறகு பணம்

வீட்டைப் புதுப்பிக்க எண்ணுகிறவர்கள் முதலில் கேட்பது "மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்பதைத்தான். என்னென்ன வேலை என்பது எழுத்தில் இல்லாதவரை அதற்கு யாராலும் நேர்மையான விடை சொல்ல முடியாது. "சமையலறையை மாற்ற வேண்டும்" என்று மட்டும் மூன்று ஒப்பந்ததாரர்களிடம் சொன்னால், ஒருவர் மேடைக்கல்லையும் அலமாரிகளையும் கணக்கில் எடுப்பார். இன்னொருவர் குழாய்களையும் ஒயரிங்கையும் சேர்ப்பார். மூன்றாமவர் பழைய தரையைப் பெயர்த்து, இடிபாடுகளை அகற்றுவது வரை விலை போடுவார். இந்த மூன்று தொகைகளில் குறைந்ததைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை, ஏனென்றால் அவை ஒரே வேலைக்கான விலைகள் அல்ல. ஆகவே பட்டியலை நாமே எழுத வேண்டும், எல்லோருக்கும் அதே பட்டியலைக் கொடுத்துத்தான் விலை கேட்க வேண்டும்.

பட்டியல் எழுத, ஒரு நோட்டுப் புத்தகத்துடன் அறை அறையாக நடந்து பார்ப்பதே போதும்; மழைக்காலத்தில் ஒரு முறை பார்த்தால் இன்னும் நல்லது. உடனே செய்தாக வேண்டியவை, தள்ளிப்போடக்கூடியவை, ஆசைக்காகச் செய்பவை என்று பிரித்து எழுதுங்கள். ஒவ்வொரு குறைக்கும் காரணத்தையும் சேர்த்தே எழுதுவதுதான் இதில் முக்கியம் என்பேன். சுவரில் பெயின்ட் உரிகிறது என்றால் அது பெயின்ட்டின் குறையாக இருப்பது அரிது. சுவரின் அடிப்பகுதியில் மட்டும் ஓதம் ஏறியிருந்தால் ஈரம் தரையிலிருந்து வருகிறதா என்று பார்க்க வேண்டும். கூரை மூலையில் கறை இருந்தால் மேல்தளத்தையோ மாடிக் குளியலறையையோ ஆராய வேண்டும். மழையில்லாத காலத்திலும் காயாத ஈரம் பெரும்பாலும் குழாய்க் கசிவாக இருக்கும். எல்லாக் குழாய்களையும் மூடிய பிறகும் தண்ணீர் மீட்டர் ஓடுகிறதென்றால், ஏதோ ஓரிடத்தில் கசிவு இருக்கிறது என்று கொள்ளலாம். காரணத்தைச் சரிசெய்யாமல் பட்டி பார்த்து வண்ணம் அடித்தால் அந்தப் பணம் முழுவதும் வீண்.

நீரும் மின்சாரமும் கட்டடத்தின் உறுதியும்தான் முதலில். அழகு அதற்குப் பிறகு. கூரையும் வெளிச்சுவரும் நீர் புகாதபடி சரியான பின்பே உள்வேலை தொடங்க வேண்டும். இடிப்பு, கட்டுமானம், சுவருக்குள் போகும் குழாயும் ஒயரிங்கும், பூச்சு, நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ், பிறகு வண்ணம் என்ற வரிசையை மாற்றினால் செய்த வேலையையே மீண்டும் உடைக்க நேரிடும். குளியலறையில் நீர்த்தடுப்புப் பூச்சு முடிந்ததும் டைல்ஸ் ஒட்டுவதற்கு முன் 24 மணி நேரமாவது தண்ணீரைத் தேக்கிக் கீழ்த்தளத்தில் கசிகிறதா என்று பாருங்கள். சுவரை மூடுவதற்கு முன் குழாயும் ஒயரும் போகும் பாதையை அளவுநாடாவை அருகில் வைத்துப் படம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னாளில் ஆணி அடிக்கும்போதுகூடப் பயன்படும். எந்தச் சுவரை இடிப்பதாக இருந்தாலும் அது பாரம் தாங்கும் சுவரா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர் பார்த்துச் சொல்லட்டும். இந்தச் செலவில் சிக்கனம் கூடாது.

அளவுகளை நாமே எடுத்துவிட்டால், ஒப்பந்ததாரர் எழுதித் தரும் விலைப்புள்ளியைப் படிக்கும் தெளிவு தானாக வரும். 10 அடிக்கு 12 அடி அறையின் தரை 120 சதுர அடிதான். ஆனால் 10 அடி உயரமுள்ள அதன் நான்கு சுவர்கள் 440 சதுர அடி, கூரையையும் சேர்த்தால் 560. கதவு, ஜன்னலைக் கழித்தாலும் வண்ணப்பூச்சின் பரப்பு தரையைப் போல் நான்கு மடங்கைத் தாண்டும். பலருடைய மதிப்பீடு தவறுவது இங்கேதான். டைல்ஸ் வாங்கும்போது வெட்டுக்கும் உடைசலுக்கும் 10 சதவீதம் கூடுதலாகவும், மூலைவிட்டமாகப் பதித்தால் 15 சதவீதம் வரையிலும் சேர்க்க வேண்டும். மிச்சம் விழுந்தவற்றைப் பத்திரப்படுத்துங்கள், அதே நிறச் சாயல் பிறகு கிடைக்காது.

பொருளும் கூலியும் மட்டுமே செலவு அல்ல. உள்ளாட்சி அனுமதிக் கட்டணம், வரி, ஏற்றுக்கூலி, குப்பை அகற்றுதல், வேலை நடக்கும்போது வேறிடத்தில் தங்கும் வாடகை ஆகியவை விலைப்புள்ளியில் பெரும்பாலும் இருப்பதில்லை. இவற்றையெல்லாம் கூட்டிய பின், எதிர்பாராத செலவுக்கென 10 முதல் 20 சதவீதத்தைத் தனியே ஒதுக்க வேண்டும்; வீடு எவ்வளவு பழையதோ அவ்வளவு கூடுதலாக வையுங்கள், ஏனென்றால் பூச்சை உடைக்கும்போதுதான் துருப்பிடித்த கம்பியும் இற்றுப்போன குழாயும் கண்ணுக்குத் தெரியும். இந்தத் தொகையைத் தொடக்கத்திலேயே விலை உயர்ந்த பொருள்களில் கரைத்துவிடாமல் காப்பது மிகவும் அவசியம்.

பணத்தை நாள் கணக்கில் அல்லாமல், முடிந்த வேலையின் கணக்கில் கொடுங்கள். முன்பணம் சிறிதாக இருக்கட்டும். ஒவ்வொரு கட்டமும் முடிந்து பார்த்த பிறகு அதற்குரிய பங்கு. கடைசி 5 அல்லது 10 சதவீதம் குறைகளெல்லாம் தீர்ந்த பின். பொருளின் தரமும் அளவும் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நடுவில் நாம் கேட்கும் மாற்றங்களுக்கு, அந்த வேலை தொடங்கும் முன்பே விலையும் கூடுதல் நாள்களும் எழுத்தில் வாங்கிக்கொள்வது இரு தரப்புக்கும் நல்லது. கால அட்டவணையில் கான்கிரீட் இறுகும் நாள்களையும் பூச்சு காயும் நாள்களையும் சேருங்கள்: கான்கிரீட்டின் வலிமையைப் பொதுவாக 28 நாள் கணக்கில்தான் மதிப்பிடுகிறார்கள், புதுப்பூச்சு நன்றாகக் காயாமல் வண்ணம் அடித்தால் உரிந்துவிடும்.

கூட்டிப் பார்க்கையில் கைவசம் உள்ள தொகை போதவில்லை என்றால், நீர்த்தடுப்பிலோ ஒயரிங்கிலோ தரத்தைக் குறைக்காதீர்கள், ஓர் அறையையே தள்ளிவையுங்கள். அந்த அறைக்கு வேண்டிய குழாயையும் ஒயர் செல்லும் பைப்பையும் இப்போதே சுவருக்குள் பதித்து, முனைகளை அடைத்து வைத்துவிட்டால், பணம் சேரும்போது சுவரை உடைக்காமல் அங்கிருந்தே தொடரலாம்.