ரப்பர் ஸ்டாம்பில் தொடங்கிய லோகோ

வியாசர்பாடியில் ஒரு சின்னக் கலை நூலகம். ஓவியப் புத்தகங்களோடு பறை, வாட்டர் கலர் பெட்டி, பழைய கேமரா எல்லாம் இரவலுக்குக் கிடைக்கும். அதற்கு லோகோ செய்து தருகிறேன் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். ஒரு வார வேலை என்று நினைத்தது நான்கு மாதம் இழுத்தது.

முதல் கூட்டத்தில் ஆளுக்கொன்று கேட்டார்கள். காசிமேட்டுப் படகு, எண்ணூர் புகைபோக்கி, கேரம் போர்டு. எல்லோருக்கும் தலையாட்டிவிட்டு, புத்தகம் விரிந்து பறையாக மாறுகிற மாதிரி ஒன்று வரைந்தேன். கம்ப்யூட்டரில் பிரமாதம். புத்தகங்களில் குத்த மூன்று சென்டிமீட்டரில் ரப்பர் ஸ்டாம்ப் செய்து பார்த்தால், நசுங்கிய வடை! அந்த நூலகத்தில் தினமும் புழங்குவது ஸ்டாம்ப்தான், பலகை இல்லை. சரி என்று அங்கிருந்தே மறுபடி தொடங்கினேன். படம் கிடையாது, எழுத்து மட்டும், ஒரே நிறம்.

அந்த ஒரு நிறத்துக்குத்தான் எத்தனை சண்டை. எங்கள் பக்கத்தில் எந்த நிறத்தைத் தொட்டாலும் அதற்கு ஒரு கட்சிக்கொடி இருக்கும். கடைசியில் மேசையிலிருந்த ஸ்டாம்ப் பேடின் ஊதாவையே எடுத்துக்கொண்டோம். ஃப்ளெக்ஸில் அது நீலமாக வந்தது. திரையில் பளிச்சென்று இருக்கும் ஊதாவை அச்சின் நான்கு மைகளால் அப்படியே கொண்டுவர முடியாது. நீல மையைக் குறைத்து, துண்டு துண்டாக அடித்துப் பார்த்துத்தான் ஒருவழியாகப் பிடித்தோம். இதில் என் தவறும் ஒன்று: எழுத்தைக் கர்வ்ஸாக, அதாவது ஃபாண்ட் இல்லாத கம்ப்யூட்டரிலும் மாறாத கோட்டு வடிவமாக, மாற்றாமல் கோப்பை அனுப்பிவிட்டேன். ‘கலை’யின் சங்கிலிக்கொம்பு (ை) லகரத்துக்குப் பின்னால் போய் நின்றது.

கையில் இருந்த ஃபாண்ட் எதுவும் மனதுக்கு ஒட்டவில்லை. சுவர் விளம்பரம் எழுதிய பெயின்டர் ஒருவரைத் தேடிப் போனேன். தூரிகையை நனைத்து ஒரே இழுப்பில் ‘கலை’ எழுதினார். லகரத்தின் தலையில் யானைத் தும்பிக்கை! 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் ணை, லை, ளை, னை எல்லாம் அப்படித்தான் இருந்தன. எனக்கு அழகு தாங்கவில்லை. நூலகத்துப் பிள்ளைகளிடம் காட்டினேன். “இன்னா எழுத்துண்ணா இது?” என்றார்கள். ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கும் படிக்க வரவில்லை. படிக்க முடியாத பெயரை நூலகத்துக்கு வைக்க முடியுமா?

மனசில்லாமல்தான் விட்டேன். அவருடைய தூரிகை இழுப்பை மட்டும் வைத்துக்கொண்டு, இன்றைய லையை வரையச் சொன்னேன். “கொம்பு வெச்சா இடம் அடைக்குமே தம்பி” என்றார். உண்மைதான், வார்த்தை அகலமாகிவிட்டது. அதனால் ஸ்டாம்பில் ‘கலை’ மேலே, ‘நூலகம்’ கீழே.

சுவரில் எழுத அவரே வந்தார். பழக்கத்தில் கை முதலில் தும்பிக்கையைத்தான் போட்டது. சிரித்துக்கொண்டே தின்னர் துணியால் துடைத்துவிட்டு எழுதினார். சாயங்கால வெயிலில் அந்தத் தடம் இன்னும் தெரிகிறது. மேலே ஒரு கோட்டிங் அடித்துவிடலாமா என்று கேட்டார், வேண்டாம் என்றோம்.