புயல் கடந்த பிறகு வரும் தண்ணீர்

கடலோரத்தில் வெள்ளம் என்றாலே நம் கண்கள் கிழக்கே திரும்பிவிடுகின்றன. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று விசாரித்து, படகை மேட்டுக்கு இழுத்துக் கட்டி, வலையை எடுத்து வைக்கும் வழக்கம், 2004 சுனாமிக்கும் 2011 டிசம்பர் 30 அன்று கரை கடந்த தானே புயலுக்கும் பிறகு கடலூர் மீனவ ஊர்களில் நன்றாகவே ஊறிவிட்டது. ஆனால் தென்பெண்ணை ஆறு கடலில் சேரும் இடத்தை ஒட்டிய தாழங்குடா, நாணமேடு, உச்சிமேடு, சுபஉப்பளவாடி ஆகிய ஊர்களுக்குத் தண்ணீர் மேற்கிலிருந்து, கொல்லைப்புறமாக வருகிறது. அதுவும் புயல் போன பிறகு வருகிறது.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. பின்னர் அது உள்நாட்டுக்கு நகர்ந்து திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி பக்கம் பெய்து தீர்த்ததில் தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணை நிரம்பி, டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறக்கப்பட்டது. டிசம்பர் 1 அமாவாசை. கடல் ஏற்றம் மிகுந்திருக்கும் நாட்கள். மலையிலிருந்து வந்த வெள்ளம் முகத்துவாரத்தை எட்டியபோது, மீனவர்கள் சொல்வதைப் போல, ஆற்றுத் தண்ணீரைக் கடல் வாங்கவில்லை. தேங்கிய ஆறு இரு கரையிலும் ஊருக்குள் திரும்பியது.

அந்த வாரம் சோறு கொடுக்கப் போன இடத்தில் ஓர் அம்மா சொன்னது இன்னும் என் மனதில் நிற்கிறது: "வானம் வெளுத்துடுச்சுன்னுதான் தம்பி பள்ளிக்கூடத்துலேருந்து வீட்டுக்கு வந்தோம். மாட்டை அவுக்கக்கூட நேரம் இல்ல." எச்சரிக்கை அவருக்கும் வந்திருந்தது, கனஅடிக் கணக்கில். ஒன்றரை லட்சம் கனஅடி என்றால் தன் வீட்டுத் திண்ணையில் எவ்வளவு தண்ணீர் என்பதை அவருக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் நாங்கள் சில நண்பர்கள் சுவரில் கோடு போடத் தொடங்கினோம். 2021 நவம்பரில் வந்த வெள்ளம் எது வரை நின்றது, 2024 டிசம்பரில் எது வரை நின்றது என்று வீடு வீடாகக் கேட்டு, கறை இருந்த இடத்தில் கறையைப் பார்த்து, பள்ளிச் சுவரிலும் கோயில் மதிலிலும் மின்கம்பத்திலும் இரண்டு நிறத்தில் பெயின்ட் அடித்து, பக்கத்தில் ஆண்டை எழுதினோம். பெண்களின் நினைவுதான் மிகத் துல்லியமாக இருந்தது; அடுப்பு மூழ்கியதா, அரிசித் தவலை மிதந்ததா, தொட்டில் கட்டும் உத்தரம் வரை வந்ததா என்று அவர்களால் சொல்ல முடிந்தது. இனி அணையில் தண்ணீர் திறப்பதாகச் செய்தி வந்தால், "போன தடவையைவிடக் கூடுதலா, குறைவா?" என்று கேட்டு, சுவரைப் பார்த்தே முடிவெடுக்கலாம். வானம் வெளுத்தாலும், மேற்கே ஆறு வடிகிறது என்று உறுதியாகும் வரை, குறைந்தது இரண்டு இரவுகளாவது, முகாமை விட்டு வரக்கூடாது என்பதையும் அப்போதே பேசிக்கொண்டோம்.

மரம் நடுவதைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். அலையாத்தியும் சவுக்கும் அடர்ந்த கரைக்குப் பின்னால் இருந்த ஊர்கள் சுனாமியில் குறைவாகச் சேதமடைந்தன என்பதை எங்கள் மாவட்டத்தில் நடந்த ஆய்வே காட்டியது; அவை அவசியம். ஆயினும் அவை கடலின் அடியைத் தாங்குபவை, ஆற்று வெள்ளத்துக்கு வேண்டியது வழி. கோடையில் ஆற்றில் நீரோட்டம் குறைந்ததும் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தில் திட்டாகக் குவிகிறது. புரட்டாசிக்குள் அதை வெட்டிவிட்டால் முதல் வெள்ளம் தானே அகலப்படுத்திக்கொண்டு போகும் என்கிறார்கள் கரையிலேயே வளர்ந்த பெரியவர்கள். எங்கே வெட்ட வேண்டும் என்பதை அவர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உப்புக்காற்றில் போன ஆண்டின் பெயின்ட் ஏற்கெனவே உதிரத் தொடங்கிவிட்டது. ஐப்பசி மழைக்கு முன் மீண்டும் அடிக்க வேண்டும்; இம்முறை கோடுகளைக் கொத்தி, சிமென்ட் பூசிப் பதித்துவிடலாம் என்று ஊரில் ஒரு கொத்தனார் சொல்லியிருக்கிறார். ஆற்றோரத் தெருவில் ஒன்பது வீடுகளில் இன்னும் கேட்கவே இல்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை அங்கிருந்து தொடங்குகிறோம்.