சுவிட்ச் எத்தனையில் இருந்தது

2025 பெப்ரவரி 18, செவ்வாய்

லொறி அதிகாலை இரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது. தானாக வரவில்லை, கட்டி இழுத்து வந்தார்கள். ஒருகொடவத்தை கராஜ் வாசலில் விட்டுவிட்டு, இழுத்து வந்தவர் காசை இரண்டு தரம் எண்ணிக்கொண்டு போனார். தம்பி தோளில் துவாயோடு படியில் உட்கார்ந்திருந்தான். சாப்பிட்டாயா என்றுகூட நான் கேட்கவில்லை. "சுவிட்ச் எத்தனையில் இருந்தது?" என்றுதான் கேட்டேன்.

"இரண்டில்" என்றான்.

பெப்ரவரி 19, புதன்

இரண்டில் இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது.

கஞ்சி ஊட்டும்போது அப்பா, "வண்டி வரவில்லையா?" என்று கேட்டார். தம்புள்ளைக்கு ஓட்டம் கிடைத்திருக்கிறது, இரண்டு மூன்று நாள் ஆகும் என்றேன். அவர் வாயின் இடது ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு, கிண்ணத்தைக் கழுவுகிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

பெப்ரவரி 20, வியாழன்

எஞ்சினைத் திறந்துவிட்டார்கள். கராஜ் பாஸ் மூன்றாவது பிஸ்டனை ஒரு பழைய சிங்களப் பத்திரிகையின் மேல் வைத்து, "நங்கி, இங்கே பாருங்கள்" என்றார். மற்ற மூன்றும் கறுத்துப்போயிருந்தாலும் முழுதாக இருக்கின்றன. இதன் தலையிலுள்ள குழியின் விளிம்பு, வாயில் ஒதுக்கி வைத்திருந்து எடுத்த கருப்பட்டித் துண்டு மாதிரி மழுங்கிக் கரைந்திருக்கிறது. அந்த இடத்தை விரலால் தடவினேன். வழவழப்பாக இருக்கிறது. இரும்பும் அலுமினியமும் இப்படி மிருதுவாகக் கெட்டுப்போகும் என்று நான் நினைத்ததே இல்லை. உருகியதில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் ஒட்டி, கீறிக்கொண்டே இறங்கியிருக்கிறது. இன்னும் கொஞ்சம் புகையோடு போய், அந்தப் புகையால் சுழன்று எஞ்சினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போவின் இலைகளில் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருக்கிறது.

"எண்ணெய் இல்லாமல் ஓட்டினானா?"

"எண்ணெய் இருக்கிறது. தண்ணீரும் இருக்கிறது. இது டீசல் கூடிப்போன சூடு."

தம்பி பக்கத்தில்தான் நின்றான். ஊசி நடுவில்தான் நின்றது, ஏறவே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். அந்த ஊசி காட்டுவது தண்ணீரின் சூட்டை. பிஸ்டனின் தலையில் நடப்பது அதற்குத் தெரியாது.

பெப்ரவரி 21, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எஞ்சினின் வலுவைக் கூட்டப் போட்ட அந்தப் பெட்டியைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சவர்க்காரப் பெட்டி அளவுதான் இருக்கும். அதிலிருந்து ஒரு வயர் ஓட்டுநர் ஆசனம் வரைக்கும் வரும். அதன் நுனியில் திருகுகிற குமிழ்: 0, 1, 2, 3. பூச்சியத்தில் பெட்டி சும்மா கிடக்கும், எஞ்சின் கம்பனி கொடுத்தபடி ஓடும். டீசல் நிரம்பி நிற்கிற குழாயில் அழுத்தத்தை அளக்கிற சென்சருக்கும் எஞ்சினை நடத்துகிற கணினிக்கும் நடுவில்தான் பெட்டியைச் செருகுவார்கள். சென்சர் சொல்கிற அளவைக் குறைத்துக் கணினிக்குச் சொல்வது அதன் வேலை. அழுத்தம் போதவில்லை என்று நினைத்துக் கணினி கூட்டும். டீசலைப் பீய்ச்சுகிற இன்ஜெக்டர் திறந்திருக்கிற நேரம் அதேதான், ஆனால் உள்ளே போகிற டீசல் கூடிவிடும். வலு வந்துவிடும்.

அதனால்தான் பாஸ் ஸ்கேனரைப் போட்டுப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. கணினியின் கணக்கில் அழுத்தம் எந்நேரமும் சரியாகவே இருந்திருக்கிறது. பெட்டி சொன்ன பொய்யைத்தான் அது நம்பியிருக்கிறது. சுவிட்ச் எத்தனையில் இருந்தது என்பதை எந்த இயந்திரமும் எனக்குச் சொல்லப்போவதில்லை.

அமெரிக்காவில் இந்த விளையாட்டு பழையது. 1994 முதல் 2003 வரை வந்த ஃபோர்ட் 7.3 லீட்டர் டீசல் வண்டிகளில் கணினியின் பின்புறமே ஒரு செருகுவாய் உண்டு. பற்றரியைக் கழற்றிவிட்டு, அந்தத் தகடுகளிலுள்ள பூச்சைச் சுரண்டித் துடைத்து, சிப்பைச் செருகுவார்கள். அதற்கும் இதே மாதிரி ஒரு குமிழ். ஒரு நிலை கம்பனி அளவு, ஒன்று பாரம் இழுக்க, ஒன்று வேகத்துக்கு. எஞ்சினைக் கிளம்பவே விடாத நிலை ஒன்றையும் சிலர் வைத்திருந்தார்கள், கள்ளருக்குப் பயந்து. தெரிந்தவர்கள் சிப்புக்கு முன்னாலேயே வாங்குவது பைரோமீட்டரைத்தான். டர்போவுக்கு முன்னால் துளை போட்டுப் புகையின் சூட்டை அளப்பது. 1250 பாகை ஃபாரன்ஹைட் வந்ததும் காலை எடுத்துவிடுவார்கள். நம் கணக்கில் 677 பாகை செல்சியஸ். அலுமினியம் உருகுவது 660இல்.

எங்கள் லொறியில் பைரோமீட்டர் இல்லை. குமிழ் மட்டும்தான்.

பெப்ரவரி 22, சனி

தம்பி வீட்டுக்கு வரவில்லை. கராஜிலேயே படுத்துக்கொண்டானாம்.

பெப்ரவரி 24, திங்கள்

கணக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பெட்டி போடுவதற்கு முன், நுவரெலியா போய் வர லீட்டருக்கு 5.1 கிலோமீட்டர். ஜனவரியில் முதல் மூன்று ஓட்டங்களில் 5.6. டீசல் 286 ரூபாய் விற்கும்போது அந்த அரைக் கிலோமீட்டர் எனக்கு எவ்வளவு பெரிது! அப்பாவின் மருந்துச் செலவை அதில் ஈடுகட்டலாம் என்று பக்கத்திலேயே எழுதியும் வைத்திருக்கிறேன். ஆனால் ஜனவரி கடைசியிலிருந்து 4.8, 4.7. பாரம் கூடியிருக்கும், மழையாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டு தாளைத் திருப்பியிருக்கிறேன். எண்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கின்றன.

புகைப் பரிசோதனைக்குப் போன அன்று குமிழைப் பூச்சியத்தில் வைக்கச் சொன்னதும் நான்தான். சான்றிதழ் கிடைத்தது. அதைக் காட்டி வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பித்தேன். அன்று மாலையே குமிழ் திரும்பிவிட்டது. பின்னால் வந்த சைக்கிள்காரர்கள் அந்தக் கறுப்புப் புகையை விழுங்கியிருப்பார்கள்.

இறம்பொடைச் சுரங்கத்தைத் தாண்டிய பிறகுதான் நின்றது என்கிறான். அங்கிருந்து மேலே கொண்டை ஊசி வளைவுகள். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், ஏற ஏறக் காற்று மெலியும். மாவும் சீனியும் முழுப் பாரம். இரண்டாம் கியரில் அரை மணித்தியாலம் காலை எடுக்காமல் ஏறியிருப்பான். காற்றுப் போதாது, டீசல் மட்டும் போய்க்கொண்டே இருக்கும். பிஸ்டனின் அடிப்பக்கத்தில் எண்ணெய் பீய்ச்சிச் சூட்டை இறக்குகிற ஏற்பாடு உண்டு என்றார் பாஸ். அதுவும் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும்?

இரண்டில் இருந்ததாம்.

பெப்ரவரி 26, புதன். சிவராத்திரி

பொன்னம்பலவாணேஸ்வரத்தில் சரியான கூட்டம். இரண்டாம் சாமப் பூசைக்குத் தம்பி வந்தான். கையில் கிரீஸ் போகவில்லை, நகக்கண் எல்லாம் கறுப்பு. கருங்கல் தூணில் சாய்ந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "அக்கா" என்றான். என்ன என்றேன். மணி அடித்தது. எழுந்து கும்பிட்டோம். பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பெப்ரவரி 27, வியாழன்

பெட்டியையும் வயரையும் குமிழையும் கழற்றி, ஒரு ஷொப்பிங் பையில் போட்டுப் பாஸ் என்னிடம் தந்தார். வீட்டுக்கு வந்துதான் பிரித்தேன். குமிழுக்குக் கீழே வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறது. அப்பாவின் கையில் ஊசி போட்ட இடத்தில் ஒட்டுகிற அதே பிளாஸ்டர். அதில் நீலப் பேனையால்:

வெறும் வண்டி 1
பாரம் 3

என் கையெழுத்து. 'ர'வுக்குக் காலை நீட்டி எழுதுகிற என் பழக்கம்.

இப்போது எல்லாம் நினைவுக்கு வருகிறது. ஜனவரி 25, சனிக்கிழமை. வண்டி ஏற்றத்தில் முக்குகிறது என்று அவன் சொன்னான். அரிசி கூடினால் தண்ணீரைக் கூட்டுவது போல, பாரம் கூடினால் எண்ணைக் கூட்ட வேண்டும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. நானே எழுதி, நானே ஒட்டினேன். அது அப்படியே தலைகீழ். பாரத்துக்குச் சின்ன எண்தான். பெரிய எண் வெறும் வண்டிக்கு, அதுவும் சமதரையில், கொஞ்ச நேரத்துக்கு. ஏற்றத்தில் பாரத்தோடு நின்று நிதானமாக எரிகிற சூடுதான் பிஸ்டனைத் தின்னும்.

பிளாஸ்டரின் ஒரு மூலை கிளம்பியிருக்கிறது. கறுப்பு நகக்கீறல்கள். உரித்துவிடப் பார்த்திருக்கிறான், வரவில்லை.

மார்ச் 1, சனி

பத்து நாளாக அவனைக் கேட்ட அதே கேள்வி. பத்து நாளும் "இரண்டு" என்றே சொன்னான்.

மார்ச் 3, திங்கள்

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். பிளாஸ்டரையும் சொன்னேன். வார்த்தைகள் ஒவ்வொன்றாகத்தான் வரும் அவருக்கு, காத்திருக்க வேண்டும்.

"சத்தம் ஜனவரியிலேயே மாறிவிட்டது" என்றார்.

படுக்கையில் இருந்துகொண்டே, கொட்டாஞ்சேனைச் சந்தியில் எங்கள் லொறி திரும்புகிற சத்தத்தைப் பிரித்தறிகிறவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். வலது கையைத் தூக்கி, கட்டை விரலையும் சுட்டு விரலையும் சேர்த்துத் திருகிக் காட்டினார். எனக்கு விளங்க நேரம் எடுத்தது. பழைய பெட்ஃபோர்ட் லொறியின் டீசல் பம்பில் ஒரு திருகாணி, அதைத் தொடக் கூடாதென்று கம்பி கோத்து ஈய முத்திரை வைத்திருப்பார்களாம். கம்பியை வெட்டிவிட்டு அரைச் சுற்றுத் திருகினாராம். நான் பிறந்த வருடம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு இரட்டைப் பாரம் ஏற்றுவதற்காக. கடுகண்ணாவை ஏற்றத்தில் எஞ்சின் போனதாம். அம்மாவுக்குக் கடைசிவரை தெரியாதாம்.

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. நான் அவர் கையை விடவில்லை.

மார்ச் 5, புதன்

நோன்பு தொடங்கிவிட்டதால் பஞ்சிகாவத்தைக் கடைக்காரர் நேரத்தோடு கடையைப் பூட்டுகிறார். சிலிண்டரைக் கடைந்து, நான்கு பிஸ்டனும் 0.50 மில்லிமீற்றர் பெரியதாகப் போட வேண்டும். மூன்று கிடைத்துவிட்டது. நான்காவதற்கு வெள்ளிக்கிழமை வரச் சொல்கிறார். டர்போவுக்குத் தனி விலை. கையில் இருந்த இரண்டு வளையலையும் செட்டியார் தெருவில் அடகு வைத்துவிட்டேன். மீட்கலாம்.

பைரோமீட்டர் என்ன விலை என்று கேட்டேன். பெட்டியே இல்லாதபோது அது எதற்கு என்றார் பாஸ். இருந்தாலும் வேண்டும்.

மார்ச் 7, வெள்ளி

நான்காவது வரவில்லை.

மார்ச் 8, சனி

தம்பிக்குச் சோறு கொண்டு போனேன், மீன் குழம்பும் முருங்கைக்கீரைச் சுண்டலும். கழற்றிய வால்வுகளை மண்ணெண்ணெயில் வரிசையாகக் கழுவிக்கொண்டிருந்தான். பிளாஸ்டரைக் கண்டதை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு போனவள், சோற்றுப் பார்சலை வைத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு வால்வை எடுத்துக் கழுவினேன். "அதை அந்த இடத்திலேயே வை அக்கா, மூன்றாம் சிலிண்டருடையது, மாறிவிடும்" என்றான்.