வலையமைப்பில் ஒரு விண்கலத்துக்கு இடம் கிடைப்பது எப்படி?

விண்வெளித் திட்டங்களைப் பற்றி எழுதுபவர்கள் ராக்கெட்டையும் கருவிகளையும் விரிவாக விளக்குகிறார்கள். அந்தக் கலம் எந்தத் தரைநிலையத்தோடு, எந்த அதிர்வெண்ணில், நாளுக்கு எவ்வளவு நேரம் பேசப்போகிறது என்பதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். என் பார்வையில், ஒரு திட்டம் பலன் தருமா என்பதில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

தொலைதூரக் கலங்களோடு பேசும் நாசாவின் ஆழ்விண்வெளி வலையமைப்புக்குக் கலிபோர்னியாவின் கோல்ட்ஸ்டோன், ஸ்பெயினின் மாட்ரிட், ஆஸ்திரேலியாவின் கான்பெரா ஆகிய மூன்று இடங்களில் நிலையங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் 70 மீட்டர் விட்டமுள்ள ஆன்டெனா ஒன்றும் 34 மீட்டர் ஆன்டெனாக்கள் சிலவும் இருக்கின்றன. வாயேஜர் முதல் ஜேம்ஸ் வெப் வரை அத்தனை கலங்களும் இவற்றின் நேரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் கான்பெராவின் 70 மீட்டர் ஆன்டெனா புதுப்பிக்கும் பணிக்காக நிறுத்தப்பட்டபோது, வாயேஜர் 2 சுமார் 11 மாதங்கள் வழக்கமான கட்டளைகள் எதையும் பெறாமல் பயணித்தது. அந்தக் கலத்துக்குக் கட்டளை அனுப்பும் திறன் அந்த ஒரே ஆன்டெனாவுக்குத்தான் இருந்தது. நெருக்கடி இவ்வளவு இருக்கும் இடத்தில் புதிதாக வரும் திட்டம், வடிவமைப்பு காகிதத்தில் இருக்கும்போதே வலையமைப்பின் பொறியாளர்களை அணுகுவதுதான் முறை.

அதன் பிறகு நடப்பவை வரிசையாக வரும் வேலைகள். கலத்தின் அனுப்பு திறன், தூரம், இரு முனைகளின் ஆன்டெனா அளவு ஆகியவற்றைக் கொண்டு தரவு எவ்வளவு வேகத்தில் வந்து சேரும் என்று கணக்கிட வேண்டும். தூரம் இரு மடங்கானால் சிக்னலின் வலிமை நான்கில் ஒரு பங்காகக் குறைவதால் இந்தக் கணக்கில் சலுகைக்கு இடமில்லை. அதிர்வெண் ஒதுக்கீட்டுக்கு அரசு அனுமதியும் சர்வதேசப் பதிவும் தேவை. 1982இல் தொடங்கப்பட்ட, விண்வெளி முகமைகளின் கூட்டுக் குழுவான சிசிஎஸ்டிஎஸ் வகுத்த தர அளவுகளின்படி தரவுச் சட்டகங்கள், அதாவது தரவைப் பிரித்து அனுப்பும் பொதிகள், அமைய வேண்டும். சந்திரயான் 3 பெங்களூருக்கு அருகேயுள்ள பையாலாலு நிலையத்தோடு மட்டுமன்றி நாசா, ஐரோப்பிய விண்வெளி முகமை ஆகியவற்றின் நிலையங்களோடும் பேச முடிந்ததற்கு இத்தகைய பொதுத் தர அளவுகளே அடிப்படை.

பூமிக்கு அருகே சுற்றும் கலங்களுக்கு நிலைமை மாறிவருகிறது. கலங்களின் சிக்னலை வாங்கித் தரைக்குக் கடத்தும் நாசாவின் டிடிஆர்எஸ் செயற்கைக்கோள்கள் 2024 நவம்பர் 8 முதல் புதிய திட்டங்களை ஏற்பதில்லை. ஹபிள் போன்ற பழைய பயனாளர்களுக்கு மட்டும் சேவை தொடர்கிறது. புதியவர்கள் தனியார் நிறுவனங்களின் சேவையை நாட வேண்டும். இதனால், கலமும் தரைநிலையமும் ஒத்து இயங்குமா என்று ஏவுவதற்கு முன் பார்க்கும் பொருத்தச் சோதனையின் முக்கியத்துவம் கூடியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

அந்தச் சோதனையில் கலத்தின் ரேடியோவையும் தரைநிலையக் கருவிகளையும் கேபிளால் இணைக்கிறார்கள். இடையே சிக்னலை வேண்டுமென்றே நலிவடையச் செய்து, உண்மையான தூரத்திலிருந்து வருவதுபோல் ஆக்குகிறார்கள். கலத்தை நகர்த்த முடியாத இடங்களுக்கு நிலையக் கருவிகளைச் சுமந்துகொண்டு ஒரு டிரெய்லரே செல்கிறது. செலவும் கால அட்டவணையும் நெருக்கும்போது முதலில் வெட்டப்படக்கூடியதும் இதுதான். அப்படி வெட்டுவதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். காசினியும் ஹைகன்ஸும் அதற்குச் சான்று.

1997 அக்டோபரில் ஏவப்பட்ட காசினி, சனியின் துணைக்கோளான டைட்டனில் ஹைகன்ஸ் கலத்தை இறக்கி, அதன் தரவை வாங்கி பூமிக்கு அனுப்ப வேண்டும். இரண்டுக்கும் இடையிலான வேகம் நொடிக்கு சுமார் 5.5 கிலோமீட்டர் என்பதால், டாப்ளர் விளைவால் அலையின் அதிர்வெண்ணும் அதில் ஏறிவரும் பிட்டுகளின் வேகமும் மாறும். அந்த நிலைமையை முழுமையாக உருவாக்கிப் பார்க்கும் சோதனை, ஏவுவதற்கு முன் நடக்கவில்லை. 2000 பிப்ரவரியில் ஐரோப்பிய முகமையின் பொறியாளர் போரிஸ் ஸ்மெட்ஸ், ஹைகன்ஸின் சிக்னலைப் போலவே ஒன்றை, டாப்ளர் மாற்றத்தோடு, கோல்ட்ஸ்டோனிலிருந்து காசினிக்கு அனுப்பிப் பார்த்தார். அலையைக் காசினியின் ரிசீவர் சரியாகப் பிடித்தது; தரவோ சிதைந்து வந்தது. பிட்டுகளின் வேக மாற்றத்துக்கு அந்த ரிசீவர் ஈடுகொடுக்கவில்லை. அதன் மென்பொருளை விண்ணில் மாற்றவும் வழியில்லை.

எனவே பாதையையே மாற்றினார்கள். டைட்டனிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் தொலைவில் கடக்கவிருந்த காசினி, 60,000 கிலோமீட்டருக்கும் அதிகமான தொலைவில் கடந்தது; அதனால் இரண்டும் ஒன்றையொன்று நேராக நெருங்கும் வேகம் ரிசீவர் தாங்கக்கூடிய அளவுக்குக் குறைந்தது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் தரையிறங்கியது. இரண்டு தொடர்புத் தடங்களில் ஒன்றின் ரிசீவரை இயக்கும் கட்டளை, காசினிக்கான கட்டளைத் தொகுப்பில் விடுபட்டுப் போயிருந்ததால் ஏறக்குறைய பாதிப் படங்கள் கிடைக்கவில்லை. அதே தடத்தை நம்பியிருந்த, டைட்டனில் வீசும் காற்றைப் பற்றிய ஆய்வின் அளவீடுகளைப் பெரும்பாலும் மீட்டுத் தந்தவை, ஹைகன்ஸின் மெல்லிய அலையைப் பூமியிலிருந்தே நேரடியாகப் பின்தொடர்ந்த ரேடியோ தொலைநோக்கிகள்.