ஒரு கண்ணை மூடினால்தான் தெரியும்

மாறுகண் என்று சொல்லிக்கொண்டு எங்கள் ஓபிக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, அம்மாவின் இடுப்பில் இருக்கும் கைக்குழந்தை. இன்னொன்று, கல்யாணப் பேச்சு தொடங்கிய பெண் அல்லது போலீஸ் செலக்‌ஷனுக்காக விடிகாலையில் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கும் பையன். நாங்கள் யாருக்காகக் காத்திருக்கிறோமோ அந்த மூன்று வயதிலிருந்து ஆறு வயதுக் குழந்தை மட்டும் அபூர்வமாகத்தான் வருகிறது.

தர்மபுரியில் ஒரு கண் மருத்துவமனையில் ஆப்டோமெட்ரிஸ்டாக இருக்கிறேன். டாக்டர் பார்ப்பதற்கு முன் பார்வை அளப்பது, பவர் கண்டுபிடிப்பது, மாறுகண்ணின் கோணத்தை அளப்பது என் வேலை. வேலைப் பட்டியலில் இல்லாத இன்னொன்றும் உண்டு. வீட்டுக்குப் போன பிறகு என்ன செய்ய வேண்டும் என்று பேசிப் புரியவைப்பது. நாளில் பாதி அதற்கே போய்விடும்.

கைக்குழந்தைகளில் பலருக்கு மாறுகண்ணே இருக்காது. மூக்குத் தண்டு தட்டையாக, அகலமாக இருக்கும். கண்ணின் உள்மூலையில் தோல் மடிந்து வெள்ளை விழியை மறைக்கும். பார்க்கிறவர்களுக்குக் கருவிழி மூக்கை ஒட்டி நிற்பதுபோல் தெரியும். பிறந்த முதல் மூன்று நான்கு மாதங்களில் கண் அவ்வப்போது அலைவதும் சகஜம்தான். அதற்குப் பிறகும் அலைந்தால்தான் காட்ட வேண்டும். சந்தேகம் தீர டார்ச் ஒன்று போதும். கொஞ்சம் தள்ளி நின்று குழந்தையின் முகத்தில் வெளிச்சம் அடித்தால் இரண்டு கருவிழியிலும் ஒரு புள்ளி மின்னும். இரண்டிலும் நடுவில் மின்னினால் கண் நேராக இருக்கிறது. ஒன்றில் மட்டும் புள்ளி விலகியிருந்தால், ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 7 டிகிரி கோணல் என்பது கணக்கு. ஜூலியஸ் ஹிர்ஷ்பெர்க் என்ற ஜெர்மன் மருத்துவர் 19ஆம் நூற்றாண்டில் மெழுகுவத்திச் சுடரை வைத்துச் செய்தது. இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் செய்கிறோம்.

டார்ச்சுக்கு முன்னாலேயே நான் கேட்பது அப்பாவின் செல்போனை. மொட்டை அடித்த அன்று தீர்த்தமலையில் எடுத்தது, முதல் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டியது என்று ஃப்ளாஷ் போட்ட படங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் அந்தப் புள்ளி பதிந்திருக்கும். எந்த மாதத்திலிருந்து கண் திரும்பியது என்று அம்மா சொல்வதைவிடப் படம் சரியாகச் சொல்லும். இன்னொன்றையும் அந்தப் படங்களில் தேடுவேன். கருவிழியின் நடுவே வெள்ளையாக மின்னுகிறதா என்று. ரெட்டினோபிளாஸ்டோமா என்ற கண் புற்றுநோய் குழந்தைகளுக்கு வருவது அரிது. வந்தால் பெரும்பாலும் அந்த வெள்ளை மின்னலாகவோ மாறுகண்ணாகவோதான் முதலில் வெளிப்படும். அதனால்தான் மாறுகண் என்று வரும் எந்தக் குழந்தைக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்காமல் டாக்டர் அனுப்ப மாட்டார். அதேபோல, நன்றாக இருந்த குழந்தைக்குத் திடீரென்று கண் திரும்பி, கூடவே தலைவலியும் வாந்தியும் இருந்தால் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது மூளை சம்பந்தப்பட்டதாக இருக்கலாம்.

இந்த இரண்டையும் விட்டால் மீதியெல்லாம் அவசரமில்லாத விஷயம்போலத் தெரியும். அதுதான் சிக்கல். குழந்தைக்கு வலி இல்லை, சிவப்பு இல்லை, ஓடியாடி விளையாடுகிறது. மாறுகண் அதிர்ஷ்டம் என்று வேறு சொல்லி வைத்திருக்கிறார்கள். "இவன் பொறந்தப்புறம்தாங்க போர்ல தண்ணி வந்துச்சு" என்று ஒரு பெரியவர் சொன்னார். அதிர்ஷ்டத்தோடு நான் சண்டை போடுவதில்லை. "அதிர்ஷ்டம் இருந்துட்டுப் போகட்டும் பெரியப்பா, அந்தக் கண்ணு தெரியுதான்னு மட்டும் பார்த்துடலாம்" என்பேன்.

பார்ப்பது எளிது. நாக்கை அமுக்கிப் பார்க்கும் மரக்குச்சியின் நுனியில் ஒரு சின்ன ஸ்டிக்கரை ஒட்டிக் குழந்தையின் எதிரே பிடிப்பேன். அது ஸ்டிக்கரைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது திரும்பியிருக்கும் கண்ணைக் கையால் மறைப்பேன். குழந்தை சட்டையே செய்யாது. அடுத்து நேராக இருக்கும் கண்ணை மறைப்பேன். திரும்பிய கண்ணில் பார்வை குறைந்த குழந்தையாக இருந்தால் அந்த நொடியே தலையைத் திருப்பும், என் கையைத் தட்டிவிடும், அழும். மறுபடி முதல் கண்ணை மறைத்தால் சமர்த்தாக இருக்கும். பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை. அவரே மறைத்துப் பார்க்கட்டும் என்று விட்டுவிடுவேன். இரண்டாவது முறை குழந்தை அழும்போது அம்மாவின் முகம் மாறும். இத்தனை நாளும் பிள்ளை ஒரு கண்ணால்தான் பார்த்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் புரியும்.

இரண்டு கண்ணும் வெவ்வேறு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு படம் வரும். பெரியவர்களுக்கு அப்படி ஆனால் எல்லாம் இரட்டையாகத் தெரியும். குழந்தையின் மூளை ஒன்றைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அப்படியே விட்டால் அந்தக் கண்ணுக்கான பார்வை வளராது. கண்ணில் கோளாறு இருக்காது, பார்வை மட்டும் இருக்காது. சோம்பேறிக் கண் என்பது இதைத்தான். ஹ்யூபெல், வீசல் என்ற இருவர் பூனைக்குட்டிகளின் ஒரு கண்ணை மூடி வைத்து இதை ஆராய்ந்தார்கள். குட்டிப் பருவத்தில் மூடியிருந்த கண்ணைப் பிறகு திறந்தாலும் மூளை அதை ஏற்கவில்லை. வளர்ந்த பூனைக்கு மூடினால் ஒன்றும் ஆகவில்லை. 1981இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. ஏழெட்டு வயதுக்குள் வந்துவிடுங்கள் என்று நாங்கள் கெஞ்சுவதற்குக் காரணம் இதுதான். அதற்கு மேலும் சிலருக்குப் பலன் கிடைக்கிறது, ஆனால் எதிர்பார்த்து உட்கார முடியாது.

பவர் பார்க்க அட்ரோபின் ஆயின்ட்மென்ட் எழுதிக் கொடுப்போம். அரிசி அளவு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, மூன்று நாள். சின்னக் குழந்தையின் கண் தானாகவே உழைத்து ப்ளஸ் பவரை, அதாவது தெளிவாகப் பார்க்க ப்ளஸ் கண்ணாடி தேவைப்படும் குறையை, மறைத்துவிடும். அந்த உழைப்பை நிறுத்தினால்தான் உண்மையான பவர் வெளியே வரும். மருந்து போட்டால் கண்ணின் பாப்பா (கருவிழியின் நடுத் துளை) விரிந்து வெளிச்சம் கூசும், கிட்டப் பார்வை மங்கும். சில நாளில், சிலருக்கு இரண்டு வாரத்தில், சரியாகிவிடும். முகம் சிவந்து காய்ச்சல் கண்டால் மட்டும் நிறுத்திவிட்டுப் போன் செய்ய வேண்டும். எல்லாம் சொல்லித்தான் அனுப்புவோம். ஆனாலும் மருந்து கண்ணைக் கெடுத்துவிட்டது என்று பாதியில் விடுகிறவர்கள் உண்டு. பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி பேரனோடு வந்தார். பேரனுக்கு இரண்டு கண்ணும் விரிந்திருந்தன. பாட்டிக்கு ஒரு கண். மருந்து தடவிய விரலோடு தன் கண்ணையும் கசக்கியிருக்கிறார். "எனக்கும் சேர்த்துப் பார்த்துடு கண்ணு, ஒரு வாரமா இந்தப் பக்கம் மங்கலு" என்றார். கையைக் கழுவச் சொல்வதை இப்போது சீட்டின் முதல் வரியாக எழுதுகிறேன்.

அந்தப் பேரனுக்கு நல்ல ப்ளஸ் பவர் இருந்தது. இந்த ரகக் குழந்தைகளைப் பார்ப்பதுதான் என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்தது. தெளிவாகப் பார்க்கக் கண் அளவுக்கு மீறி உழைக்கிறது. அந்த உழைப்போடு கண் உள்பக்கம் திரும்புவதும் பிணைந்திருக்கிறது. அதனால்தான் மாறுகண். கண்ணாடி அந்த உழைப்பை வாங்கிக்கொண்டால் கண் நேராகிவிடும். கத்தியும் வேண்டாம், ஊசியும் வேண்டாம். சிலருக்குப் போட்ட உடனேயே, சிலருக்கு ஒரு சில வாரத்தில். ஆனால் "கழட்டினா மறுபடி திரும்புதே" என்று திரும்பி வருவார்கள். திரும்பத்தான் செய்யும், போட்டே இருக்கட்டும். பெண் குழந்தையாக இருந்தால் பேச்சு இன்னும் நீளும். மூன்று வயதுப் பிள்ளையின் கல்யாணத்தைப் பற்றி அங்கேயே கவலைப்பட ஆரம்பித்துவிடுவார்கள்.

கண்ணாடியைக்கூட ஒரு வழியாகப் போட்டுவிடலாம். ஒட்டு போடுவதுதான் பெரும்பாடு. நன்றாகத் தெரியும் கண்ணை மூடி, தெரியாத கண்ணை வேலை வாங்க வேண்டும். பார்வைக் குறைவு மிதமாக இருந்தால் தினம் இரண்டு மணி நேரம், அதிகமாக இருந்தால் ஆறு மணி நேரம். தயாராக விற்கும் ஒட்டு கிடைக்காத இடத்தில் பஞ்சும் துணியும் வைத்து மைக்ரோபோர் டேப் ஒட்டச் சொல்வோம். சித்திரை வெயிலில் வியர்த்து நழுவும். கண்ணாடியின் மேல் துணி கட்டினால் பிள்ளை ஓரத்தால் எட்டிப் பார்க்கும்.

யார் ஒட்டுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்தப் பக்கத்துக் குடும்பங்களில் அப்பாவும் அம்மாவும் பெங்களூரிலோ ஓசூரிலோ திருப்பூரிலோ வேலையில் இருப்பார்கள். பிள்ளை தாத்தா பாட்டியிடம் வளரும். ஆக எங்கள் சிகிச்சையின் முக்கால்வாசி, எழுதப் படிக்கத் தெரியாத, முழங்கால் வலியோடு ஆடு மேய்க்கும் ஒரு பாட்டியின் கையில் இருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து லீவு போட்டு வரும் படித்த அப்பாக்களைவிட இவர்கள் சொன்னதைச் செய்கிறார்கள். அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பது என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால் போதும்.

பென்னாகரத்துப் பாட்டிக்கு அதைக்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஒட்டு போட்டிருக்கும் நேரத்தில் கிட்டத்தில் பார்க்கும் வேலை எதையாவது கொடுங்கள் என்றேன், படம் வரைவது, எழுதுவது மாதிரி. வீட்டில் நோட்டு இல்லை, புளி இருந்தது. அவர் கூலிக்குப் புளி உடைப்பவர். கொட்டையைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போடச் சொல்லியிருக்கிறார். அது அலுத்ததும் அதே கொட்டையை வைத்துப் பல்லாங்குழி. திண்ணையில் கரியால் குழி வரைந்து இருவரும் ஆடியிருக்கிறார்கள். "ஆரம்பத்துல தடவித் தடவிப் போட்டான். இப்ப என்னையே ஏமாத்துறான்" என்றார். முதலில் 6/36 இருந்த கண், அதாவது நல்ல கண் 36 மீட்டரிலிருந்து படிப்பதை 6 மீட்டரில்தான் படிக்க முடிந்த கண், பிறகு 6/12க்கு வந்தது. நாங்கள் வாங்கி வைத்திருக்கும் வண்ண மணிகளைவிட அந்தக் கொட்டை நன்றாக வேலை செய்தது என்று டாக்டரிடம் சொன்னேன், சிரித்தார்.

பள்ளிகளில் பார்வைப் பரிசோதனை நடக்கிறது, பவர் இருந்தால் கண்ணாடியும் இலவசமாகக் கிடைக்கிறது. நல்ல காரியம். ஆனால் ஒரு கண்ணை மூடச் சொன்னால் விரல் சந்து வழியாக நல்ல கண்ணால் படித்துவிடுவது பிள்ளைகளுக்குக் கைவந்த கலை. விரலால் மூடாதே, உள்ளங்கையால் மூடு என்று ஆசிரியர்களிடம் ஒவ்வொரு முகாமிலும் சொல்கிறேன். தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வர வேண்டும் என்று விதி இருக்கிறது. என்னைக் கேட்டால் முழு கவனமும் அங்கேதான் இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். எழுத்து தெரியாது என்பது தடையே இல்லை. தேன்கனிக்கோட்டை, தளி பக்கம் முகாமுக்குப் போனால் பாதிப் பிள்ளைகள் கன்னடமோ தெலுங்கோ பேசும். படச் சார்ட்டில் வீட்டையும் ஆப்பிளையும் காட்டினால் எந்த மொழியிலும் பதில் வரும்.

ஆபரேஷனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: கண்ணை வெளியே எடுத்து வைத்துத் திரும்ப வைப்பார்களா? இல்லை. கண்ணுக்கு வெளியே ஆறு தசைகள் பிடித்திருக்கின்றன. வண்டிமாட்டின் இரண்டு பக்கக் கயிற்றில் ஒன்று இறுகியிருந்தால் மாடு அந்தப் பக்கமே போகும் இல்லையா, இறுகிய தசையைச் சில மில்லிமீட்டர் பின்னால் தள்ளித் தைப்பார்கள், தளர்ந்ததைச் சுருக்குவார்கள். குழந்தைக்கு முழு மயக்கம் வேண்டும் என்பதால் பெரிய ஊருக்கு அனுப்புகிறோம். கண் சில வாரம் சிவந்திருக்கும். சிலருக்கு இரண்டாவது முறையும் தேவைப்படலாம். ஆபரேஷன் கண்ணை நேராக்கும், பார்வையைக் கொண்டுவராது. சோம்பேறிக் கண் இருந்தால் பெரும்பாலும் ஒட்டுதான் முதலில்.

இருபது வயதில் வருகிறவர்களிடம் இதைச் சொல்வது கஷ்டம். கல்யாணத்துக்காக வரும் பெண்ணுக்கு ஆபரேஷன் செய்தால் கண் நேராகும், அவளும் சந்தோஷப்படுவாள். வெறும் அழகுக்குத்தானே என்று நான் நினைப்பதில்லை. தலை குனிந்தே பேசிப் பழகிய பெண் நிமிர்ந்து பேசுவது சின்ன விஷயம் இல்லை. பையன்களுக்குத்தான் ஏமாற்றம். மத்திய ஆயுதப் படைக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு கண்ணில் 6/6, இன்னொன்றில் 6/9 வேண்டும். மாறுகண்ணை நேராக்கினாலும் 6/60 இருக்கும் கண் அந்த வரியைப் படிக்காது. "சின்ன வயசுலயே யாரும் சொல்லலையே மேடம்" என்பார்கள். அக்கா பிள்ளைக்கும் இதே மாதிரி என்று அவர்களில் யாராவது சொன்னால், அடுத்த வாரமே கூட்டிவரச் சொல்வேன். மாறுகண் குடும்பத்தில் வருகிற விஷயம்.

பார்வை வந்துவிட்டது என்று ஒட்டைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. நிறுத்திய ஓராண்டுக்குள் சுமார் கால்வாசிப் பிள்ளைகளுக்குப் பார்வை மறுபடி இறங்குகிறது. மெல்லக் குறைத்து, இடையிடையே அளந்து பார்க்க வேண்டும். பென்னாகரத்துப் பையனுக்கு ஒரு மணி நேரமாகக் குறைத்த சமயத்தில் பள்ளிக்கூடம் லீவு விட்டது. "அவங்க அப்பன் பெங்களூருக்குக் கூட்டிட்டுப் போறேங்கறான். அங்க யாரு ஒட்டுவாங்க?" என்று பாட்டி கேட்டார். தினம் ஒரு மணி நேரம், ஒட்ட வேண்டியது அப்பா, என்று சீட்டில் தமிழில் எழுதி, சீல் வைத்துக் கொடுத்தேன். பாட்டி அதை இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, "அப்பா"ங்கற இடத்துல கோடு போட்டுடு கண்ணு என்றார்.