சிஆர்சி இரண்டு தடவையும் ஒன்று, ஆனாலும் ரிப் தப்பு: 332ஆவது சிடி

340 இசைச் சிடிகளைக் கணினிக்கு நகலெடுக்கும் (ரிப்) வேலையில் 332 வன்தட்டுக்கு வந்துவிட்டன. எல்லாம் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கும் கோப்பு வடிவம்), ஒவ்வொன்றுக்கும் லாக் (ரிப் பதிவேடு), மற்றவர்களின் ரிப் எண்களைத் திரட்டி வைத்திருக்கும் ஆக்யுரேட்ரிப்போடு பொருந்திய சான்று. மொத்தம் 120 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. இதில் 332ஆவது வட்டு மட்டும் நான்கு மாலைகளைத் தின்றது. 12 டிராக்கில் முதல் 10 உடனே பொருந்தின. கடைசி இரண்டில் சோதனை வாசிப்பின் டெஸ்ட் சிஆர்சியும் நகல் வாசிப்பின் காப்பி சிஆர்சியும் ஒன்று (சிஆர்சி என்பது தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்). ரிப் மென்பொருளான எக்ஸாக்ட் ஆடியோ காப்பியின் லாக்கிலும் பிழை எதுவும் இல்லை. ஆனால் ஆக்யுரேட்ரிப் தரவுத்தளத்தில் இருக்கும் எண் வேறு.

அச்சு வேறாக (அதே ஆல்பத்தின் வேறு தயாரிப்பாக) இருக்கலாம் என்ற சமாதானம் இங்கே செல்லாது. அச்சு வேறு என்றாலோ ஆஃப்செட் (டிரைவ் படிக்கத் தொடங்கும் இடத்தின் விலகல்) தப்பு என்றாலோ 12 டிராக்கும் சேர்ந்தே பொருந்தாமல் போயிருக்கும். பத்து பொருந்தி இரண்டு மட்டும் விலகினால் கோளாறு அந்த இரண்டில்தான். அதுவும் கடைசி இரண்டு. சிடி நடுவிலிருந்து விளிம்பை நோக்கிப் படிக்கப்படுவதால், நிறைந்த வட்டில் கடைசிப் பாடல்கள் விரல் படும் ஓரத்தில் வந்து விழுகின்றன. டிரைவும் அங்கேதான் அதிக வேகத்தில் படிக்கும். இரண்டும் சேர்ந்தால் இப்படித்தான்.

இரண்டு முறை படித்து ஒரே விடை வந்தால் சரி என்று எடுத்துக்கொள்வது ஏன் ஆபத்து என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டேட்டா சிடியில் ஒவ்வொரு செக்டரிலும் (வட்டில் படிக்கும் சிறு துண்டு) முகவரியும் கூடுதல் பிழைதிருத்தமும் உண்டு. பயன்படும் தரவு 2048 பைட். ஆடியோ சிடியில் அந்தக் கூடுதல் அடுக்கு கிடையாது. 2352 பைட்டும் இசைதான்: 588 ஸ்டீரியோ சாம்பிள் (ஒலி அளவீடு), ஒரு விநாடியில் 75இல் ஒரு பங்கு. அடிப்படைப் பிழைதிருத்தம் கைவிட்ட இடத்தில் டிரைவ் முன்னும் பின்னும் உள்ள சாம்பிள்களைப் பார்த்து ஒரு மதிப்பை ஊகித்து நிரப்பிவிடும். கீறல் ஒன்று, லென்ஸ் ஒன்று, வேகம் ஒன்று என்றால் ஊகமும் பெரும்பாலும் ஒன்றாகவே வரும். ஒரே ஆள் ஒரே கணக்கை ஒரே மாதிரி தப்பாகப் போட்டுவிட்டு, இரண்டு தடவையும் விடை ஒன்றுதானே என்று சொல்வது போலத்தான் இது.

இதை இன்னும் மோசமாக்குவது சி2 அமைப்பு. சி2 என்பது, இந்த பைட்டைத் திருத்த முடியவில்லை என்று டிரைவ் தானே கொடுக்கும் குறிப்பு. அதை நம்பச் சொல்லி டிக் செய்துவிட்டால், டிரைவ் குறிப்புத் தராத இடத்தை மென்பொருள் இரண்டாம் முறை படிக்கவே படிக்காது. நேர்மையாகச் சொல்லும் டிரைவ்களும் உண்டு, பாதியை மறைக்கும் டிரைவ்களும் உண்டு. மென்பொருளே சோதித்து, சி2 உண்டு என்று காட்டினாலும் இந்த டிக்கை எடுத்துவிடுவதுதான் நல்லது. ரிப் இரண்டு மூன்று மடங்கு மெதுவாகும். ஆகட்டும்.

அடுத்தது கேச், அதாவது படித்ததை டிரைவ் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் நினைவகம். டிரைவில் 2 எம்பி கேச் இருந்தால் அதில் சுமார் 890 செக்டர் அடங்கும், அதாவது 12 விநாடி இசை. இரண்டாம் தடவை கேட்கும்போது வட்டைத் தொடாமல் கேச்சிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். இரண்டு தடவை படித்து ஒப்பிடும் பாதுகாப்பு முறை என்பது பெயருக்கு மட்டும் மிஞ்சும். ஆகவே டிரைவில் கேச் உண்டு என்ற டிக் கட்டாயம் இருக்க வேண்டும். அப்போதுதான் மென்பொருள் வேறொரு இடத்தைப் படித்துக் கேச்சைக் காலிசெய்துவிட்டுத் திரும்பி வரும். தானியங்கிக் கண்டறிதல் சில டிரைவ்களில் கேச் இல்லை என்று தப்பாகச் சொல்கிறது. சந்தேகம் வந்தால் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நேரம் மட்டுமே போகும். ஆனால் டெஸ்ட்டுக்கும் காப்பிக்கும் நடுவில் ஒரு முழு டிராக் கடந்துவிடுகிறது. அதனால் 332இல் இரண்டு சிஆர்சியும் ஒத்துப்போனதற்குக் கேச்சைக் குற்றம் சொல்ல முடியவில்லை. சி2வை அணைத்து, வேகத்தை 8 எக்ஸுக்கு இறக்கிய பிறகும் அதே தவறான எண்தான் வந்தது.

கடைசியில் வழி திறந்தது வேறு டிரைவால். வேறு தயாரிப்பு, வேறு சிப். அதில் டிராக் 11 முதல் முயற்சியிலேயே பொருந்திவிட்டது. டிராக் 12இல் மூன்று சந்தேக இடங்களை வெளிப்படையாகக் காட்டியது. முதல் டிரைவ் மூடி மறைத்ததை இது ஒப்புக்கொண்டது. அதுவே பெரிய முன்னேற்றம். அந்த இடங்களில் மென்பொருள் படிக்கும் பாடு பெரும்பாடு: ஒரு சுற்றுக்கு 16 தடவை, அதில் 8 ஒத்துப்போனால் ஏற்கும், இல்லையென்றால் அடுத்த சுற்று, இப்படி ஐந்து சுற்று வரை. முதல் இரண்டு வாசிப்பையும் சேர்த்தால் ஒரு செக்டருக்கு 82. மூன்று இடத்தில் இரண்டு தேறின, ஒன்று தேறவில்லை.

மீதியைச் சரிசெய்தது க்யூடூல்ஸ் என்ற மென்பொருள். அதன் தரவுத்தளத்தில் வெறும் சிஆர்சி மட்டும் இல்லை, திருத்துவதற்கான பாரிட்டித் தரவும் இருக்கிறது. சேதம் சிறியதாக, ஓரிடத்தில் திரண்டு இருந்தால் காணாமல் போன சாம்பிள்களைக் கணக்கிட்டே மீட்டுவிடலாம். ஊகம் இல்லை, அதே அசல் பிட்கள். இரண்டு நிபந்தனை: அந்த அச்சு தரவுத்தளத்தில் இருக்க வேண்டும், முழு வட்டும் ரிப் ஆகியிருக்க வேண்டும். ஒற்றை டிராக்கை மட்டும் கொடுத்தால் வேலைக்கு ஆகாது. திருத்திய பிறகு ஆக்யுரேட்ரிப்பில் 12க்கு 12.

இரண்டாம் டிரைவை மாட்டியதும் பலர் மறப்பது ஆஃப்செட். ஆடியோ செக்டரில் முகவரி இல்லாததால் இசையோடு குறிப்புகளைச் சுமந்து வரும் துணைச் சேனலைப் பார்த்துத்தான் டிரைவ் இடத்தைக் கணிக்கிறது. ஒவ்வொரு மாடலும் ஒரு நிலையான அளவு தள்ளியே தொடங்கும். சாம்பிள் கணக்கில் +6, +30, +667 எல்லாம் அடிக்கடி பார்க்கும் எண்கள். +667 என்றாலும் 15 மில்லி விநாடிதான், காதுக்குத் தெரியாது. ஆனால் திருத்தாவிட்டால் ஒரு சிஆர்சியும் பொருந்தாது. ஓரத்தில் சில சாம்பிள்கள் விடுபடுமே என்ற கவலை வேண்டாம். அங்கே பெரும்பாலும் நிசப்தம்தான். ஆக்யுரேட்ரிப்பும் வட்டின் முதல், கடைசி ஐந்து ஃபிரேம்களை (செக்டர்களை) கணக்கில் சேர்ப்பதில்லை.

டிரைவ் தேடுபவர்களுக்கு: பழைய மேசைக் கணினிகளிலிருந்து கழற்றிய பெரிய சாட்டா டிரைவ்களே மெல்லிய யூஎஸ்பி டிரைவ்களைவிட இந்த வேலைக்கு ஏற்றவை என்பது என் தீர்மானமான கருத்து. ஒன்று மட்டும் கவனம். அவற்றுக்கு 5 வோல்ட்டோடு 12 வோல்ட்டும் வேண்டும். மடிக்கணினி வன்தட்டுக்கான சாட்டா யூஎஸ்பி அடாப்டர் 5 வோல்ட் மட்டுமே தரும். தட்டு திறக்கவே திறக்காது. தனி மின் இணைப்பு உள்ள அடாப்டராகப் பார்த்து வாங்குங்கள். தட்டு பாதியில் நின்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும், டிரைவ் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போட வேண்டாம். மெல்லிய டிரைவ்தான் கையில் உள்ளது என்றால் ஹப்பில் செருகாமல் கணினியில் நேராகச் செருகுங்கள். மின்சாரம் போதாமல் வரும் வாசிப்புப் பிழைகள் கீறல் பிழைகள் போலவே வேஷம் போடும்.

துடைப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்: நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில், மைக்ரோஃபைபர் துணி. வட்டமாகத் துடைத்துக் கீறல் விழுந்தால் அது டிராக்கின் போக்கிலேயே நீளும், பிழைதிருத்தத்துக்கு அதுதான் மிகக் கடினம். அடிப்பக்கக் கீறலுக்குப் பாலிஷ் போடலாம். மேல்பக்கக் கீறலுக்கு மருந்தே இல்லை. அலுமினியப் பூச்சு அங்கே மெல்லிய அரக்குக்கு அடியிலேயே இருக்கிறது.

டேக் (கோப்பில் பாடல், பாடகர் விவரம் எழுதும்) வேலை 200 வட்டு வரைதான் முடிந்திருக்கிறது. அதற்கான பிக்கார்ட் மென்பொருள் நன்றாகவே உழைக்கிறது. பல பாடகர்கள் பாடிய தொகுப்புகளில் ஆல்பம் ஆர்டிஸ்ட் புலத்தை நிரப்பாமல் விட்டால் ஒரே வட்டு எட்டு ஆல்பமாகச் சிதறிவிடும், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும். தமிழில் டேக் எழுதுபவர்களுக்கு இன்னொரு சிக்கல்: ‘கொ’வில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். ஆனால் சில பிளேயர்களில் தேடினால் பாதிப் பாடல் வராது, ஒரே பாடகர் இரண்டு பேராக நிற்பார். ‘கோ’, ‘கௌ’ இரண்டுக்கும் இதே கதை. எல்லா டேக்கையும் என்எஃப்சி (ஒரே குறியாக எழுதும்) வடிவத்துக்கு ஒரே ஓட்டத்தில் மாற்றிவிடுவதே தீர்வு. இதை முதல் வட்டிலேயே செய்திருந்தால் இரண்டு வார வேலை மிச்சம்.

ஃபிளாக்கில் 8ஆம் சுருக்க நிலை, சரிபார்ப்போடு. எந்த நிலை வைத்தாலும் இசை அதேதான், கோப்பின் அளவுதான் மாறும். கோப்புக்குள்ளேயே எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் இருப்பதால் வருடத்துக்கு ஒருமுறை மொத்தத் தொகுப்பையும் சோதனை ஓட்டம் விட்டால் வன்தட்டு எதையாவது கெடுத்திருந்தால் தெரிந்துவிடும்.

அடுத்து ப்ரீ எம்ஃபஸிஸ் உள்ள பழைய வட்டுகளைப் பிரித்தெடுக்க வேண்டும். 1980களின் சில அச்சுகளில் மேல் அலைவரிசைகளைத் தூக்கிப் பதிந்திருப்பார்கள். சிடி பிளேயர் அதைத் தானாக இறக்கிவிடும், ரிப் செய்த கோப்பு இறக்காது. கேட்டால் காதைக் குத்தும். இதைக் குறிக்கும் கொடி சில வட்டுகளில் உள்ளடக்க அட்டவணையில் இல்லாமல் துணைச் சேனலில் மட்டும் இருக்கும் என்பதால் இரண்டையும் பார்க்க வேண்டும். சாக்ஸ் நிரலின் டீஎம்ஃப் வடிகட்டி போதும், ஆனால் அசல் கோப்பை அழிக்காமல் திருத்தியதைத் தனியாக வைப்பேன். அதோடு ஒலிக்கும் வழியில் 44.1 கிலோஹெர்ட்ஸை இயங்குதளம் 48க்கு மாற்றாமல் இருக்க ஃபூபார்2000 பிளேயரில் ஒலியை நேராக அனுப்பும் வசாபி எக்ஸ்குளூசிவ் அமைப்பையும் சரிபார்க்க வேண்டும்.

மீதமுள்ள எட்டில் மூன்று, விளக்குக்கு நேரே பிடித்தால் ஊசித் துளைகளாக வெளிச்சம் தெரியும் வட்டுகள். மூன்று எந்தத் தரவுத்தளத்திலும் இல்லாதவை. இரண்டு வீட்டில் எரித்த சிடி ஆர். கடைசி ஐந்துக்கும் ஒப்பிட வெளியே எதுவும் கிடையாது. இரண்டு வெவ்வேறு டிரைவிலும் ஆஃப்செட் திருத்தி ரிப் செய்து சிஆர்சி ஒத்துப்போகிறதா என்று பார்ப்பேன். துளை விழுந்த மூன்றுக்கு முதலில் க்யூடூல்ஸ்.