வழுவழுப்பான சாலை வேண்டி

எங்கள் தெருவில் வண்டிகள் பறக்கின்றன என்று யாராவது திட்டத் தொடங்கினால், நான் ஜெராக்ஸ் இயந்திரத்தின் மூடியைத் திறந்து உள்ளே எதையோ தேடுவதுபோல் குனிந்துகொள்வேன். காரணம் ஒரு பழைய கோப்பில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

கடைப் பலகையில் ஜெராக்ஸ் என்று இருந்தாலும், எனக்குச் சோறு போடுவது மனுதான். முதியோர் உதவித்தொகை, பட்டா பெயர் மாற்றம், குடும்ப அட்டையில் மருமகளைச் சேர்ப்பது, மகளை நீக்குவது. ஒரு மனுவுக்கு முப்பது ரூபாய். இருபது வருடமாக எழுதி எழுதி, வீட்டில் ரசம் கேட்டாலும் "மேற்படி ரசத்தை" என்றுதான் வாயில் வருகிறது.

வடசென்னையின் தண்டையார்பேட்டையில், கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் பாதையை ஒட்டிய பகுதி எங்களுடையது. அருகிலேயே ஒரு ரயில்வே கேட். சரக்கு ரயிலுக்காகக் கேட்டை மூடுவார்கள். அது நகர்ந்து முடிப்பதற்குள் எதிர்த் திசையிலிருந்து இன்னொன்று வரும். இரண்டு பக்கமும் வண்டிகள் சேர்ந்துகொண்டே போகும். ஹாரன் அடித்தால் ரயில் பயந்து சீக்கிரம் போய்விடும் என்று நம்புகிறவர்கள் ஹாரன் அடிப்பார்கள்; மற்றவர்கள் வேர்க்கடலை தின்பார்கள். கேட் திறந்ததுதான் தாமதம், அங்கே தொலைத்த கால் மணி நேரத்தை எங்கள் தெருவின் முந்நூறு மீட்டருக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பதுபோல் அத்தனை பேரும் உள்ளே பாய்வார்கள். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கிய பிறகு, காலை வேளையில் இன்னொரு கூட்டமும் சேர்ந்துகொண்டது. இந்த ரயிலை விட்டால் உலகில் வேறு ரயிலே இல்லை என்று நினைக்கிறவர்கள்.

முன்பும் இதே கேட்தான், இதே கூட்டம்தான். ஆனால் தெரு குண்டும் குழியுமாக இருந்தது. போன வருடம் புதுச் சாலை போட்டார்கள். முதல் வாரம் நாங்களே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நடந்து பார்த்தோம், அவ்வளவு அழகு. இரண்டாவது வாரம் ஓரமாகத்தான் நடக்க முடிந்தது.

மீன்கார ஆயாவின் கூடையோடுதான் விவகாரம் தொடங்கியது. விடியற்காலையில் காசிமேடு போய் மீன் எடுத்து வந்து, எட்டு மணிக்கு என் கடை எதிரில் கூடையை இறக்குவார். அன்று ஒரு பைக் கூடையின் விளிம்பை உரசிக்கொண்டு போனது. ஆயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நெத்திலி மட்டும் தெரு முழுக்கத் தெறித்தது. பைக்காரர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பூனைகளைத் தவிர எல்லோருக்கும் கோபம்.

மாடி வீட்டில் ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் இருக்கிறார். தெருவுக்கே அவர் சார், ஆயாவுக்கு மட்டும் வாத்தியார். அன்று மாலை அவர் டேப்போடு இறங்கி வந்து, தெருக்குழாயிலிருந்து அம்மன் கோயில் வாசல் வரை அளந்தார். சரியாக ஐம்பது மீட்டர்.

"2023 நவம்பரிலிருந்து சென்னையில் குடியிருப்புத் தெருவுக்கு மணிக்கு 30 கிலோமீட்டர்தான் வரம்பு. அந்த வேகத்தில் வந்தால் இந்த ஐம்பது மீட்டருக்கு ஆறு விநாடி ஆக வேண்டும். அதற்குள் கடக்கிறவர் எல்லாம் குற்றவாளி" என்றார்.

விநாடி எண்ணும் வேலையை ஆயாவே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆனால் அவருக்கு எண்ணிக்கை ஒன்றில் தொடங்காது. "லாபம், இரண்டு, மூன்று" என்றுதான் வரும்.

"ஆயா, லாபம் என்று சொல்லக் கூடுதல் நேரமாகும். கணக்குத் தப்பிவிடும்" என்றார் சார்.

"கணக்கை எடுத்த எடுப்பிலேயே நஷ்டத்தில் தொடங்கச் சொல்கிறாயா, வாத்தியாரே?"

லாபத்தோடே எண்ணினோம். ஒரு மணி நேரத்தில் ஆயாவை ஆறு வரை எண்ண விட்டவர்கள் மூன்றே பேர். பஞ்சரான ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போனவர், ஐஸ் வண்டிக்காரர், ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் கார். என் கணவர் நான்கில் கடந்தார். ஆயா ஒன்றும் சொல்லாமல் என்னைப் பார்த்தார். நான் இயந்திரத்தின் மூடியைத் திறந்தேன்.

சார் இன்னொரு கணக்கும் போட்டார். முந்நூறு மீட்டரை முப்பதில் போனால் 36 விநாடி, அறுபதில் போனால் 18 விநாடி. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்த பிறகு வண்டி ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஆக, இவ்வளவு ஆபத்தும் பதினெட்டு விநாடிக்காக. அந்தப் பதினெட்டு விநாடியை என்னதான் செய்கிறார்கள் என்று கவனித்தேன். பாதிப் பேர் தெருமுனை டீக்கடையில் வண்டியை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் நிற்கிறார்கள்.

முதல் முயற்சி அறிவிப்புப் பலகை. கேரம் மன்றத்துப் பையன்கள் தகரத்தில் மஞ்சள் அடித்து, "குழந்தைகள் விளையாடும் தெரு, மெதுவாகச் செல்லவும்" என்று எழுதிக் கம்பத்தில் கட்டினார்கள். ஒரு வண்டியும் மதிக்கவில்லை. நான்காம் நாள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். அவருடைய கண்ணீர் அஞ்சலி போஸ்டரை எங்கள் பலகையின் மேல் பாதியில் ஒட்டிவிட்டுப் போய்விட்டார்கள். மேலே மாலை போட்ட பெரியவர் கைகூப்பிச் சிரிக்கிறார்; அவருக்குக் கீழே, "மெதுவாகச் செல்லவும்".

அடுத்த இரண்டு நாளும் வண்டிகள் ஊர்ந்தன. போனது யார், தெரிந்தவரா, எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று வாசிக்கப் பிரேக் பிடிக்காத ஆளே இல்லை. மழை வந்து போஸ்டர் கிழிந்ததும் பழைய வேகம் திரும்பிவிட்டது. வாரம் ஒரு போஸ்டர் ஒட்டலாமே என்று பையன்களில் ஒருவன் யோசனை சொன்னான். யார் படத்தைப் போடுவது என்ற கேள்வியில் அது நின்றுவிட்டது.

அடுத்து அவர்களே ஒரு வேகத்தடை போட்டார்கள், எங்களிடம் சொல்லாமல், இரவோடு இரவாக. யாரோ வீடு கட்டி மிச்சம் வைத்த சிமெண்டும் ஜல்லியும். ஒரு சாண் உயரம், ஒரு சாண் அகலம். விடிந்ததும் பார்த்தால் தெருவுக்குக் குறுக்கே யாரையோ புதைத்து மூடியதுபோல் இருந்தது. ஈரமாக இருந்தபோதே நாய் ஒன்று அதன்மீது நெடுக நடந்து கையெழுத்துப் போட்டிருந்தது. யாரோ ஒரு பைக்காரர் அதற்கும் முன்பே ஓரத்தில் ஏற்றிப் போய்விட்டதால், டயர் அகலத்துக்கு ஒரு வாய்க்காலும் கிடைத்திருந்தது. பைக்குகள் எல்லாம் வேகம் குறையாமல் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வாய்க்காலில் போயின. கார்கள் அடிவயிறு தேயக் கத்திக்கொண்டு கடந்தன.

அதையும் பொறுத்திருப்போம். இட்லிக்கடை அக்காவின் சாம்பார் அண்டா தினமும் காலையில் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில்தான் நெடுஞ்சாலைக்குப் போகும். அக்கா அண்டாவைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து வருவார். வண்டி மேட்டில் ஏறியது, அண்டா எழுந்தது, வண்டி இறங்கியது. சாம்பாரில் பாதி மட்டும் அதோடு சேர்ந்து இறங்கவில்லை. அக்கா அங்கேயே நின்று பத்து நிமிடம் பேசினார். அதை அரசாங்கத் தமிழுக்கு மாற்றினால், "மேற்படி மேட்டை அமைத்தவர்களின் தாய், தந்தை மற்றும் முன்னோர் நலன் குறித்து விரிவாக விசாரித்தார்" என்று வரும். மாலைக்குள் பையன்களே கடப்பாரையோடு வந்து பெயர்த்துவிட்டார்கள்.

சார் அவர்களைக் கோயில் வாசலில் உட்கார வைத்து வகுப்பு எடுத்தார். "வேகத்தடை என்ன லேசுப்பட்ட விஷயமா? 1927-இல் இயற்பியலுக்கு நோபல் பரிசு பெற்ற ஆர்தர் காம்ப்டன், அமெரிக்காவில் செயிண்ட் லூயிஸ் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அங்கிருந்த சாலையில் கார்கள் பறப்பதைப் பார்த்துவிட்டு 1953-இல் கணக்குப் போட்டு மேடு வடிவமைத்தார். வண்டி ஏறி இறங்க வேண்டும், முட்டி எகிறக் கூடாது. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் அளவே கொடுத்திருக்கிறது."

"மேடு போடக் கட்சி எதற்கு, சார்?"

"கட்சி இல்லையடா. 1934-இல் தொடங்கிய பொறியாளர்கள் அமைப்பு. 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம். 25 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவருக்கு உறுத்தாது. அதற்கு மேல் வருகிறவரை இடுப்பில் தட்டும்."

பத்து சென்டிமீட்டர்தானா என்று பையன்கள் முகம் வாடியது. "நோபல் வாங்கினவரே தெருவில் மேடு போட வேண்டியிருந்ததா? பாவம்" என்றார் ஆயா.

இனி மனுதான் வழி என்று முடிவானது. முப்பது ரூபாய் வாங்காமல் எழுதினேன். நாற்பத்திரண்டு கையெழுத்து, மூன்று கைநாட்டு. நானும் சாரும் ஆயாவும் மாநகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். பொறியாளர் இளைஞர், நல்ல மாதிரி. ஆயாவுக்கு அவரே நாற்காலி இழுத்துப் போட்டார். மனுவை முழுவதும் வாசித்துவிட்டு, "உங்கள் தெருவிலிருந்து முன்பே ஒரு மனு வந்திருக்கிறதே" என்று கோப்பைப் புரட்டி எடுத்தார். உரக்க வேறு படித்தார்.

"மேற்படி தெருவில் உள்ள பள்ளங்களின் காரணமாக வாகனங்கள் ஊர்ந்து செல்ல வேண்டிய அவலநிலை நிலவுகிறது. ஆகவே, வாகனங்கள் தங்குதடையின்றி விரைந்து செல்லும் வண்ணம் வழுவழுப்பான சாலை அமைத்து ஆவன செய்யுமாறு..."

என் கையெழுத்து. "வழுவழுப்பான" என்பதற்கு அடிக்கோடும் நானே போட்டிருந்தேன். குனிந்துகொள்ள அந்த அறையில் ஜெராக்ஸ் இயந்திரம் இல்லை.

"விரைந்து செல்லும் வண்ணம் என்று கேட்டீர்கள், போட்டுக் கொடுத்தோம். இப்போது தடை கேட்கிறீர்கள்" என்றார் அவர், சிரிக்காமல். ஆயாதான் சிரித்தார். மீன்சந்தைச் சிரிப்பு, அடுத்த அறையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

வேகத்தடை போட ஒப்புதல் வேண்டும், போட்டால் கறுப்பு வெள்ளைப் பட்டை அடிக்க வேண்டும், முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும் என்றெல்லாம் விளக்கினார். கடைசியில், "எந்த இடத்தில் என்று நீங்களே ஒரு மனதாக முடிவு செய்து எழுதிக் கொடுங்கள்" என்றார். அவர் எங்களைப் பழிவாங்கிய இடம் அதுதான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூடினோம். வேகத்தடை வேண்டும் என்பதில் நாற்பத்தைந்து பேருக்கும் ஒரே கருத்து. தன் வாசலில் வேண்டாம் என்பதிலும் ஒரே கருத்து. ஒரு வீட்டில் பச்சைக் குழந்தை, ராத்திரியில் காலி லாரி ஏறி இறங்கினால் அலறி எழுந்துவிடும். இன்னொரு வீட்டுச் சுவர் ஏற்கெனவே விரிசல். ஒருவர் வாசலுக்கு நேரே மேடு வந்தால் வாஸ்துப்படி கடன் ஏறும் என்றார். கடன் அவருக்கு வாஸ்துவுக்கு முன்பே ஏறியிருந்தது என்பது தெருவுக்கே தெரியும். கோயில் பக்கம் போடலாம் என்றதற்குப் பூசாரி கையெடுத்துக் கும்பிட்டார். "ஆடி மாதம் அம்மன் ஊர்வலம் வரும். அம்மனை மேட்டில் ஏற்றித் தூக்கிப் போடச் சொல்கிறீர்களா?"

தன் வாசலில் வேண்டும் என்று கேட்டவர்கள் இரண்டே பேர். வண்டி மெதுவானால் வியாபாரம் என்று டீக்கடைக்காரர். பஞ்சர் கடை அண்ணனும் கேட்டார், ஆனால் அந்த மேட்டைப் பழையபடி பையன்களே போட வேண்டும் என்றார்.

சார் கரும்பலகையில் படம் போட்டு அறிவியல்பூர்வமாக ஓர் இடத்தைக் குறித்தார். அது என் கடை வாசல். எனக்கு அறிவியலில் அதுவரை இருந்த மரியாதை குறைந்தது. ஜெராக்ஸ் எடுக்கும்போது தரை அதிர்ந்தால் எழுத்து இரண்டாகத் தெரியும், பொதுமக்களின் ஆவணங்கள் பாழாகும் என்று வாதாடினேன். எனக்கே அது கொஞ்சம் அதிகமாகத்தான் பட்டது.

மூன்று ஞாயிறு இப்படியே போனது. நான்காவது ஞாயிறு இட்லிக்கடை அக்கா, "பூட்டிக் கிடக்கிறதே ஒரு வீடு, அந்த வாசலில் போடச் சொல்லுங்கள்" என்றார். அந்த வீட்டுக்காரர் வெளிநாட்டில் மகனோடு இருக்கிறார். ஆட்சேபம் சொல்ல ஆளில்லாத ஒரே வாசல். இரண்டு நிமிடத்தில் ஒரு மனதாக நிறைவேறியது. அந்த வீடு என் கடைக்கு அடுத்த வீடு என்பதை வீட்டுக்குப் போன பிறகுதான் யோசித்தேன்.

ஆடியில் கூழ் ஊற்றப் பந்தல் போட்டுப் பாதித் தெருவை மறைத்தபோது வண்டிகள் தாமாகவே ஊர்ந்தன. பந்தல் பிரித்த மறுவாரம் வேகத்தடை வந்தது. கறுப்பு வெள்ளைப் பட்டையோடு, அளவு பிசகாமல். போட்டவர்கள் கிளம்புவதற்குள் சார் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டார். இப்போது ஆயா தாராளமாக ஏழு வரை எண்ணுகிறார். என் கணவரும் ஏழில்தான் வருகிறார். நான்தான் இரவில் தூங்குவதில்லை. டடக் என்று ஒரே சத்தம் வந்தால் ஆட்டோ, டடக்-கடக் என்றால் தண்ணீர் லாரி, கலகலவென்று நீண்டால் கம்பி ஏற்றிய மீன்பாடி வண்டி. கண்ணை மூடியபடியே சொல்லிவிடுவேன்.

போன வாரம் கடையில் அடுத்த தெருப் பெண் ஒருவர் வந்து நின்றார். கேட் திறந்தால் வண்டிகள் எல்லாம் இப்போது எங்கள் தெருவைத் தவிர்த்து அவர்கள் தெரு வழியாகப் பறக்கின்றனவாம். நடக்கவே முடியவில்லையாம். ஒரு மனு வேண்டும் என்றார்.

காகிதத்தை எடுத்து, பெறுநர், பொருள், "மேற்படி தெருவில்" வரை மளமளவென்று எழுதினேன். பிறகு பேனாவை நிறுத்தி, எந்த வாசலில் போட வேண்டும் என்று எழுதட்டும் என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"எங்கள் எதிர் வீட்டு வாசலில் என்று எழுதுங்கள், அக்கா."